நாட் கிங் கோல்: பியானோவை விட்டுப் பாடப் போனவரா?

பழைய தட்டு எழுதியது:

அமெரிக்க இசைக் கலைஞர் நாட் கிங் கோலைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு தரப்பார் வருவதைப் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். ஜாஸ் விரும்பிகள், ஒரு மகத்தான பியானோ கலைஞரைக் காதல் பாட்டுகளும் வயலின் கூட்டமும் விழுங்கிவிட்டன என்று வருந்துவார்கள். மெல்லிசை விரும்பிகளில் பலருக்கு அவர் பியானோ வாசித்தார் என்பதே தெரிந்திருக்காது. டிசம்பர் மாதத்தில் கடைதோறும் ஒலிக்கும் கிறிஸ்துமஸ் பாட்டின் குரல் என்ற அளவில் அவரைத் தெரிந்திருந்தால் அவர்களுக்குப் போதும். எனக்கு இரண்டுமே நிறைவு தரவில்லை. அவர் பாடிய விதம் முழுவதுமே அவருடைய பியானோவிலிருந்து பிறந்தது என்று நினைக்கிறேன். அதைச் சொல்லி, மற்றவர்களின் கருத்தையும் கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1919 மார்ச் 17 அன்று அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகரில் நத்தானியல் ஆடம்ஸ் கோல்ஸ் என்ற பெயரில் பிறந்தார். பெயரின் கடைசியிலிருந்த 'ஸ்' பிற்காலத்தில் மேடைக்காக உதிர்ந்தது. அவருக்கு நான்கு வயதானபோது குடும்பம் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தது. தென் மாநிலங்களின் கறுப்பினக் குடும்பங்கள் பிழைப்பையும் பாதுகாப்பையும் தேடி லட்சக்கணக்கில் வடக்கே சென்ற காலம் அது. தந்தை எட்வர்ட் பாப்டிஸ்ட் திருச்சபையின் போதகர். தாய் பெர்லினா அதே சபையில் ஆர்கன் வாசித்தவர். மகனுக்குப் பியானோவில் கைபிடித்துக் கொடுத்தவர் தாய்தான். முறையான பாடங்கள் பன்னிரண்டு வயதளவில்தான் வந்தன. ஆனால் அந்தப் பையனின் மனம் சிகாகோவின் கிராண்ட் டெரஸ் விடுதியில் இரவுதோறும் வாசித்த பியானோ கலைஞர் ஏர்ல் ஹைன்ஸிடம் இருந்தது. உள்ளே போக வயதும் காசும் இல்லாததால் வெளியே சந்தில் நின்று கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து அதை அப்படியே விரல்களில் பிடித்துப் பார்ப்பார்.

1936இல் அண்ணன் எடியின் குழுவோடு முதல் ஒலிப்பதிவு. அடுத்த ஆண்டு 'ஷஃபிள் அலாங்' என்ற மேடை நிகழ்ச்சியின் சுற்றுப்பயணக் குழுவில் சேர்ந்தார். அந்தக் குழுவின் நடனக் கலைஞர் நடீன் ராபின்சனை மணந்தார். கலிபோர்னியாவின் லாங் பீச் வரை சென்ற குழு அங்கே கலைந்தது. ஊர் திரும்பாமல் லாஸ் ஏஞ்சல்ஸிலேயே தங்கி, கிடைத்த விடுதியில் எல்லாம் கிடைத்த பியானோவை வாசித்தார். அந்த நாட்களில்தான் கிதார் கலைஞர் ஆஸ்கர் மூர், டபுள் பாஸ் கலைஞர் வெஸ்லி பிரின்ஸ் இருவரோடும் சேர்ந்து 'கிங் கோல் ட்ரையோ' உருவானது.

இனி என் வாதம். தானே வாசித்துக்கொண்டு பாடுகிறவர், பாடும் வரிகளுக்கு நடுவே விரல்கள் பேசுவதற்கு இடம் விட்டாக வேண்டும். கோல் ஒரு வரியைச் சற்றுத் தாமதித்துத் தொடங்குவார். சொல்லை நீட்டிக்கொண்டு போகாமல் அது முடிய வேண்டிய இடத்திலேயே விட்டுவிடுவார். அந்த வெற்றிடத்தில் பியானோ இரண்டு சொல் சொல்லும். பின்னாளில் அவர் எழுந்து நின்று, ஒலிவாங்கியின் முன் பாடத் தொடங்கியபோதும் அந்த வெற்றிடங்கள் அப்படியே இருந்தன. விரல்கள் பேசிய இடத்தில் வயலின்கள் பேசின. கேட்கிறவருக்கு அவசரமே இல்லாத ஒரு மனிதர் நம் எதிரில் அமர்ந்து பேசுவது போலத் தோன்றுவதற்கு இதுவே காரணம் என்பது என் கணிப்பு. இது சரிதானா?

தாளக்கட்டு எழுதியது:

உங்கள் கவனிப்பு நுட்பமானது, ஐயா. ஆயினும் நீங்கள் குறிப்பிட்ட முதல் தரப்பில் நிற்பவன் நான் என்பதால் என் வருத்தத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

அந்த மூவர் குழுவில் டிரம்ஸ் இல்லை என்பதன் முக்கியத்துவத்தைப் புதிதாகக் கேட்பவர்களுக்கு விளக்க வேண்டும். பெரிய பேண்டு இசைக்குழுக்கள் கோலோச்சிய காலத்தில், பதினைந்து பேர் சேர்ந்து எழுப்பும் ஓசைக்குப் பக்கத்தில் மூன்றே பேர் அமர்ந்து, தாளத்தைத் தனியாக ஒருவரிடம் ஒப்படைக்காமல் மூவருமே அதைச் சுமந்தார்கள். பாஸ் நடக்க, கிதார் இடையிடையே வெட்டிக் கொடுக்க, பியானோவின் இடது கை மிகச் சிக்கனமாக அடியை ஊன்றியது. ஒவ்வொருவருடைய தவறும் பளிச்சென்று கேட்கும் அமைப்பு அது. பியானோ கலைஞர்களான ஆஸ்கர் பீட்டர்சனும் அஹ்மத் ஜமாலும் இந்த வடிவத்தை எடுத்துக்கொண்டுதான் தம் குழுக்களைக் கட்டினார்கள். பாடகர் ரே சார்ல்ஸ் தம் தொடக்க காலத்தில் கோலைப் போலவே பாடவும் வாசிக்கவும் முயன்றதைத் தாமே சொல்லியிருக்கிறார். 1942இல் சாக்ஸபோன் மேதை லெஸ்டர் யங்குடன் கோல் செய்த பதிவுகளையும், 1944 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த முதல் 'ஜாஸ் அட் தி ஃபில்ஹார்மானிக்' கச்சேரியில் லெஸ் பாலின் கிதாரோடு அவர் நடத்திய உரையாடலையும் கேட்டுவிட்டு, 1950களின் காதல் பாட்டுகளைக் கேளுங்கள். இரண்டாவதில் அழகு இருக்கிறது. முதலாவதில் இருந்த துணிச்சல் அதில் இல்லை.

ஒரு தகவலையும் சேர்த்துவிடுகிறேன். குடிபோதையில் இருந்த ஒரு வாடிக்கையாளர் 'ஸ்வீட் லோரெய்ன்' பாட்டைப் பாடியே தீர வேண்டும் என்று வற்புறுத்தியதால்தான் கோல் பாடகரானார் என்று ஒரு கதை எல்லா இடங்களிலும் சொல்லப்படுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது என்பதால் கோல் அந்தக் கதையை மறுக்காமல் விட்டுவைத்தார். வாசிப்புக்கு நடுவே ஒரு மாறுதலுக்காக அவ்வப்போது பாடினார், கேட்டவர்களுக்குப் பிடித்தது என்பதே நடந்தது. அந்தப் பாட்டை 1940 டிசம்பரில் டெக்கா நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார்கள்.

மருதம் எழுதியது:

தாளக்கட்டு ஐயாவின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த மாற்றம் எப்படி நடந்தது என்பதை வணிகத்தின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. இல்லையென்றால் ஒரு மனிதர் ஒரு நாள் காலையில் எழுந்து ஜாஸை விட்டுவிட்டார் என்ற எண்ணம் வந்துவிடும்.

1942இல் பாடலாசிரியர் ஜானி மெர்சரும் பட்டி டிசில்வாவும் இசைத்தட்டுக் கடை நடத்திய கிளென் வாலிக்ஸும் சேர்ந்து ஹாலிவுட்டில் கேப்பிட்டல் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க இசைக் கலைஞர்களின் தொழிற்சங்கம் ஒலிப்பதிவுகளுக்கு எதிராக வேலைநிறுத்தம் அறிவித்தது. இசைத்தட்டுகள் வானொலியிலும் விடுதிகளின் இசைப் பெட்டிகளிலும் ஓடுவதால் நேரில் வாசிக்கும் கலைஞர்களின் பிழைப்பு போகிறது, ஆகவே பதிவு நிறுவனங்கள் சங்கத்துக்கு ஒரு பங்கு தர வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. டெக்காவும் கேப்பிட்டலும் 1943இன் இலையுதிர் காலத்திலேயே இணங்கிவிட்டன. பெரிய நிறுவனங்களான ஆர்சிஏ விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பர் வரை இழுத்தடித்தன. கோலின் மூவர் குழு கேப்பிட்டலுக்காக முதன்முதலில் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்தது 1943 நவம்பர் 30 அன்று. பெரிய கடைகள் அடைத்துக் கிடந்தபோது திறந்திருந்த சிறிய கடையின் பொருளாக அவர்களுடைய தட்டு சந்தைக்கு வந்தது. திறமை இல்லாமல் இது நடந்திருக்காது; ஆனால் திறமையுள்ள எத்தனையோ பேருக்கு இப்படி ஒரு கதவு திறந்ததில்லை.

அன்று பதிவான 'ஸ்ட்ரெய்ட்டன் அப் அண்ட் ஃப்ளை ரைட்' கோல் எழுதியது. ஒரு வல்லூறு சிறு பிராணிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு பறந்து, உயரத்திலிருந்து தள்ளிவிட்டுத் தின்னும். குரங்கு மட்டும் அதன் கழுத்தை வாலால் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஒழுங்காகப் பறக்கச் சொல்லும். இந்தக் கதையை அவருடைய தந்தை பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். கறுப்பின மக்களின் வாய்மொழிக் கதையிலிருந்து பிரசங்க மேடைக்கும், அங்கிருந்து இசைத்தட்டுக்கும் வந்த பாட்டு அது, லட்சக்கணக்கில் விற்றது. ஆனால் கையில் காசில்லாத நாளில் அதன் உரிமையை இசைப் பதிப்பாளர் இர்விங் மில்ஸிடம் வெறும் 50 டாலருக்கு விற்றிருந்தார். பாட்டை எழுதியதற்காகத் தமக்கு வர வேண்டிய பணத்தை அவர் பார்க்கவே இல்லை.

வயலின்கள் வந்த நாளையும் நம்மால் குறிப்பிட முடியும். மெல் டோர்மேயும் பாப் வெல்ஸும் 1945இன் கடும் கோடையில் எழுதிய 'தி கிறிஸ்துமஸ் சாங்' பாட்டைக் கோல் 1946 ஜூனில் மூவர் குழுவோடு மட்டும் பதிவு செய்தார். பிறகு அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு சிறிய வயலின் குழுவைச் சேர்த்து மறுபடியும் பதிவு செய்தார், வெளியானது இரண்டாவதுதான். தொடர்ந்து 1953இலும் 1961இலும் மீண்டும் பதிவு செய்தார். இன்று கடைகளில் கேட்பது பெரும்பாலும் 1961இல் ஸ்டீரியோவில் பதிவானதே. வயலின் வேண்டும் என்று விரும்பியவர் கோல்தான். ஆகவே நிறுவனம் அவரை இழுத்துக்கொண்டு போனது என்பதை நான் ஏற்கமாட்டேன்.

தாளக்கட்டு எழுதியது:

வேலைநிறுத்தக் காலக்கணக்கை இப்படிப் பொருத்திப் பார்த்ததில்லை. நன்றி, அம்மா. 'நேச்சர் பாய்' விஷயத்திலும் இதே நிகழ்ந்தது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஈடன் ஆபெஸ் என்ற மனிதர், தாடியும் நீள்முடியும் செருப்புமாக, ஹாலிவுட் மலையில் இருக்கும் பெரிய எழுத்துப் பலகையில் 'எல்' என்ற எழுத்துக்குக் கீழே தங்கியிருந்தவர், 1947இல் கோல் வாசித்துக்கொண்டிருந்த அரங்கத்துக்குக் கசங்கிய தாளில் எழுதிய பாட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஃபிராங்க் டிவோலின் இசைக்குழுவோடு அது பதிவானது. 1948 ஜனவரியில் சங்கத்தின் இரண்டாவது வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது. கோலின் தட்டு வெளிவந்து எட்டு வாரம் முதலிடத்தில் நின்றபோது, போட்டிக்கு அதே பாட்டைப் பாட விரும்பிய ஃபிராங்க் சினாட்ராவுக்கு வாத்தியக்காரர்களே கிடைக்கவில்லை. குரல் குழுவை மட்டும் வைத்துப் பாட வேண்டியதாயிற்று.

இந்தப் பாட்டில் என் தரப்பைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது. அது ஜாஸ் அல்ல. ஆனால் அந்த மெட்டின் விசித்திரமான சோகத்தை அழுகையாக்காமல் ஒரு செய்தியைச் சொல்வது போல அவர் சொல்லிச் செல்வதைக் கேட்கும்போது, துணிச்சல் போய்விட்டது என்று நான் மேலே எழுதியது அவசரமோ என்று தோன்றுகிறது. 1950இல் வந்த 'மோனா லிசா'வும் அத்தகையதே. ஜே லிவிங்ஸ்டனும் ரே எவன்ஸும் ஒரு திரைப்படத்துக்காக எழுதி ஆஸ்கர் வாங்கிய பாட்டு. தட்டில் இசைக்கோப்பாளராக லெஸ் பாக்ஸ்டரின் பெயர் இருந்தாலும் எழுதியவர் அப்போது யாருக்கும் தெரியாத நெல்சன் ரிடில். கோல் அதைக் கண்டறிந்து ரிடிலைத் தம்மோடு வைத்துக்கொண்டார். சினாட்ராவின் புகழ்பெற்ற 1950களுக்கு இசைக்கோப்பு எழுதிய அதே ரிடில்.

நெடுஞ்சாலை எழுதியது:

இசை நுட்பங்களை எல்லாரும் அருமையாக விளக்குகிறீர்கள். ஆனால் இந்த மனிதரின் வாழ்க்கையைப் பற்றி எழுதும்போது நிறவெறியைப் பற்றி இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லையே என்பது எனக்கு உறுத்துகிறது.

1956 ஏப்ரல் 10 அன்று அலபாமாவின் பர்மிங்காம் நகர அரங்கில் டெட் ஹீத்தின் பிரிட்டிஷ் இசைக்குழுவோடு கோலின் நிகழ்ச்சி நடந்தது. முதல் காட்சி வெள்ளையருக்கு, இரண்டாவது காட்சி கறுப்பினத்தவருக்கு. முதல் காட்சியில் மூன்றாவது பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோது, நிறப்பிரிவினையை ஆதரித்த வெள்ளையர் அமைப்பு ஒன்றைச் சேர்ந்தவர்கள் மேடையில் பாய்ந்து அவரைக் கீழே தள்ளினார்கள். முதுகில் காயம். போலீஸ்காரர்கள் வந்து அவர்களைப் பிடித்தபின், கோல் மறுபடி மேடைக்கு வந்தபோது அவையினர் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினார்கள்; ஆனால் அவர் அந்தக் காட்சியைத் தொடரவில்லை. அந்த அமைப்பை நடத்திய ஆசா கார்ட்டர் பின்னாளில் அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸுக்கு, 'நிறப்பிரிவினை என்றென்றும்' என்று முழங்கிய 1963ஆம் ஆண்டு உரையை எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவர். யாரோ நான்கு குடிகாரர்களின் செயல் அல்ல அது என்பதற்காகச் சொல்கிறேன்.

எனக்கு இருக்கும் கேள்வி இதுதான். மான்ட்கோமரியில், கோல் பிறந்த ஊரில், கறுப்பின மக்கள் 1955 டிசம்பரிலிருந்து பேருந்துகளைப் புறக்கணித்து நடந்தே வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மாதங்கள் அவை. அந்த நேரத்தில் பிரித்து வைக்கப்பட்ட அரங்கில் பாட அவர் ஏன் இசைந்தார்? தாம் பாடவும் மகிழ்விக்கவும் வந்தவர் என்றும் இயக்கங்களில் ஈடுபட விரும்பவில்லை என்றும் அவர் சொன்னதைக் கறுப்பினப் பத்திரிகைகள் கடுமையாகக் கண்டித்தன. நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில் சில விடுதிகள் அவருடைய தட்டுகளை இசைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டன. பிற்காலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதியான தர்குட் மார்ஷல், கோலுக்கு இனி பாஞ்சோ என்ற நரம்புக் கருவி மட்டும்தான் குறை என்று சொன்னதாகச் செய்தி வந்தது. வெள்ளையரை மகிழ்விக்கும் அடிமைக் கோலத்தைத்தான் அந்தச் சொல் சுட்டியது. மென்மையான குரல் என்று நாம் கொண்டாடுவதில் இந்த ஒதுங்கலும் கலந்திருக்கிறதா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

கார்காலம் எழுதியது:

நெடுஞ்சாலை நண்பரே, கேள்வி நியாயமானது. அந்த விமரிசனத்தை எழுப்பியவர்களும் அவருடைய சொந்த மக்களே என்பதை மறக்கக் கூடாது. ஆனால் அவருடைய வாழ்க்கையின் மற்ற சில பக்கங்களையும் இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும்.

1948 மார்ச்சில் அவர் இரண்டாவதாக மரியா எல்லிங்டனை மணந்தார். ஹார்லெமின் அபிசீனியன் பாப்டிஸ்ட் திருச்சபையில் அதன் போதகர் ஆடம் கிளேட்டன் பவல் நடத்திவைத்த திருமணம் அது. அந்த ஆண்டு மே மாதத்தில், குறிப்பிட்ட இனத்தவருக்கு வீடு விற்கக் கூடாது என்ற பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தர முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின் கோல் தம்பதியர் லாஸ் ஏஞ்சல்ஸின் ஹான்காக் பார்க் பகுதியில், வெள்ளையர் மட்டுமே வாழ்ந்த தெருவில், வீடு வாங்கினார்கள். அக்கம்பக்கத்துச் சொத்துரிமையாளர்கள் சங்கம் கூடியது. வேண்டாதவர்கள் எங்கள் பகுதிக்குள் வருவதை நாங்கள் விரும்பவில்லை என்று அவரிடமே சொன்னார்கள். நானும் விரும்பவில்லை, அப்படி யாரேனும் வருவதைப் பார்த்தால் முதல் ஆளாக நானே புகார் கொடுப்பேன் என்று அவர் பதில் சொன்னார். அவர்களுடைய நாய்க்கு விஷம் வைக்கப்பட்டது. 1951இல் வருமான வரி பாக்கிக்காக அரசு அந்த வீட்டைப் பறிமுதல் செய்யவும் வந்தது. கடனைச் சிறுகச் சிறுக அடைத்தார்களே தவிர, வீட்டை விடவில்லை. 1965இல் கோல் மறையும்வரை அது அவர்களுடைய வீடாகவே இருந்தது.

பர்மிங்காமுக்குப் பிறகு வந்த கண்டனம் அவரை வாட்டியது. தாம் பேருந்துப் புறக்கணிப்புக்குப் பண உதவி செய்ததையும் விடுதிகள் மீது வழக்குத் தொடுத்ததையும் எடுத்துச் சொன்னார். கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்ஏஏசிபியின் டெட்ராய்ட் கிளையில் ஆயுள் உறுப்பினராகச் சேர்ந்தார். தென் மாநிலங்களில் அதன் பிறகு அவர் பாடவே இல்லை. ஓர் அடி வாங்கியபின் வந்த மாற்றம் என்று நீங்கள் சொல்லலாம், அது உண்மையும்கூட. ஆனால் அக்கம்பக்கத்தார் கூடி வெளியே போ என்று சொல்லும் தெருவில், மனைவி மக்களோடு பதினேழு ஆண்டு வாழ்வதையும் நான் ஓர் எதிர்ப்பாகவே பார்க்கிறேன். மேடையில் சொல்லப்படாததால் அது குறைந்துவிடாது.

மருதம் எழுதியது:

இதே 1956 நவம்பர் 5 அன்றுதான் என்பிசி தொலைக்காட்சியில் 'தி நாட் கிங் கோல் ஷோ' தொடங்கியது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் சொந்த நிகழ்ச்சி நடத்திய முதல் கறுப்பினக் கலைஞர் அவர்தான். தெற்கில் மேடையிலிருந்து தள்ளப்பட்டவர் ஏழே மாதத்தில் நாடு முழுவதும் உள்ள வீடுகளின் முன்னறைக்குள் போனார்.

பழைய தட்டு எழுதியது:

ஒரு சிறு திருத்தம், அம்மா. 1950 கோடையிலேயே பியானோ கலைஞரும் பாடகியுமான ஹேசல் ஸ்காட் டுமான்ட் தொலைக்காட்சி வலைப்பின்னலில் தம் பெயரில் நிகழ்ச்சி நடத்தினார். கம்யூனிஸ்ட் ஆதரவாளர் என்ற பட்டியலில் அவர் பெயர் சேர்க்கப்பட்டதும், சில மாதங்களிலேயே அது நிறுத்தப்பட்டது. கார்காலம் குறிப்பிட்ட ஆடம் கிளேட்டன் பவலின் மனைவி அவர். கோலுக்கு முன் நடந்தவர்களின் பெயர் மறைந்துபோகக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். தேசிய அளவில் புகழின் உச்சியில் இருந்த ஒரு கறுப்பினக் கலைஞருக்குப் பெரிய வலைப்பின்னல் ஒன்று இப்படி ஓர் இடம் தந்தது அதுவரை நிகழாதது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன்.

மருதம் எழுதியது:

திருத்தத்துக்கு நன்றி, ஐயா. ஹேசல் ஸ்காட்டைப் பற்றித் தனி இழையே தொடங்கலாம்.

கோலின் நிகழ்ச்சிக்கு நேர்ந்ததையும் எழுதிவிடுகிறேன். முதலில் வாரத்துக்குப் பதினைந்து நிமிடம். 1957 ஜூலையில் அரை மணி நேரமாக நீண்டது. நாடு தழுவிய விளம்பரதாரர் ஒருவர்கூட முன்வரவில்லை. ரைன்கோல்டு பீர் போன்ற வட்டார நிறுவனங்கள் சில ஊர்களில் மட்டும் பங்கேற்றன. தெற்கில் தம் சரக்கைக் கறுப்பினத்தவரின் நிகழ்ச்சியோடு சேர்த்துப் பார்த்தால் வாடிக்கையாளர்கள் புறக்கணிப்பார்கள் என்று நியூயார்க்கின் விளம்பர நிறுவனங்கள் அஞ்சின. என்பிசி நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு ஓராண்டுக்கு மேல் நடத்தியது. பாடகி எல்லா ஃபிட்ஜெரால்டு, ஹாரி பெலஃபான்டே, பெக்கி லீ, டோனி பென்னட் போன்றவர்கள் சங்கம் நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்துக்கு வந்து பாடிக் கொடுத்தார்கள். கடைசியில் நிகழ்ச்சியை யாரும் பார்க்காத நேரத்துக்கு மாற்ற முயன்றபோது கோலே மறுத்து விலகினார். கடைசி நிகழ்ச்சி 1957 டிசம்பர் 17 அன்று. விளம்பர நிறுவனங்கள் குடியிருக்கும் மேடிசன் அவென்யூவுக்கு இருட்டைக் கண்டால் (கறுப்பு நிறத்தைத்தான் சுட்டுகிறார்) பயம் என்று அவர் சொன்னது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அடுத்த ஆண்டு கறுப்பின வாசகர்களுக்கான 'எபனி' இதழில், யார் மேல் குற்றம் என்பதை மறைக்காமல் கட்டுரையாகவும் எழுதினார். நெடுஞ்சாலை நண்பர் கேட்ட குரல் இங்கே இருக்கிறது.

நெடுஞ்சாலை எழுதியது:

ஏற்கிறேன். பர்மிங்காம் மேடைக்கு அவர் போனது தவறு என்ற என் கருத்து மாறவில்லை. ஆனால் அந்த ஓர் இரவை வைத்து அவரை முழுவதும் அளந்தேன் என்பதை உணர்கிறேன். எழுதும்போது ஒன்றை விட்டுவிட்டேன், அதையும் சேர்க்க வேண்டும்: மருத்துவர் பார்த்தபின், அதே இரவில் இரண்டாவது காட்சிக்குக் காத்திருந்த கறுப்பின மக்களுக்கு அவர் பாடிவிட்டுத்தான் ஊரை விட்டுப் போனார்.

கார்காலம் எழுதியது:

அவருடைய முடிவைப் பற்றி யாரும் எழுதவில்லை. எனக்கு அது எழுதக் கடினமானது. என் தந்தையை நுரையீரல் புற்றுநோயில்தான் இழந்தோம். கோல் ஒரு நாளைக்கு மூன்று பாக்கெட் வரை மெந்தால் சிகரெட் புகைத்தார். புகைப்பதால்தான் தம் குரல் தாழ்ந்து கனமாக இருக்கிறது என்று நம்பி, ஒலிப்பதிவுக்கு முன் அடுத்தடுத்துப் புகைப்பாராம். 1964 டிசம்பர் தொடக்கத்தில், உடம்பு மெலிந்துகொண்டிருந்தபோதே, சான் பிரான்சிஸ்கோவில் தம் கடைசி இசைத்தட்டுக்கான பாடல்களைப் பதிவு செய்தார். அதே மாதத்தில் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. 1965 ஜனவரி 25 அன்று இடது நுரையீரலை அகற்றினார்கள். பிப்ரவரி 15 அன்று சான்டா மோனிகாவில் இறந்தார். வயது 45. அப்போது அவருடைய இரட்டைப் பெண் குழந்தைகளுக்கு வயது மூன்று.

மூத்தவர்களில் ஒருவரான நட்டாலி 1991இல் தந்தையின் பழைய பதிவோடு தம் குரலைச் சேர்த்து 'அன்ஃபர்கெட்டபிள்' பாட்டை வெளியிட்டதும், அது கிராமி விருதுகளை அள்ளியதும் பலருக்குத் தெரியும். அந்தப் பாட்டைக் கேட்கும்போது நான் மகளின் குரலைத்தான் கவனிப்பேன். தந்தை விட்டுவைத்த இடைவெளிகளில் அவர் நுழைகிறார். பழைய தட்டு ஐயா முதலில் எழுதிய வெற்றிடங்கள் பல ஆண்டு கழித்து ஒரு மகளுக்கு நிற்க இடம் தந்தன.

பழைய தட்டு எழுதியது:

கார்காலம், நீங்கள் எழுதிய கடைசி வரிக்கு நன்றி. என் வாதத்தில் எனக்கே தெரியாமல் இருந்ததை எடுத்துக் காட்டியிருக்கிறீர்கள். உங்கள் தந்தையைப் பற்றி அறிந்து வருந்துகிறேன்.

தாளக்கட்டு நண்பருக்கு ஒரு வேண்டுகோள். 1956ஆம் ஆண்டின் இரு முனைகளைப் பற்றி, ஏப்ரலில் பர்மிங்காம், நவம்பரில் தொலைக்காட்சி, இங்கே பேசினோம். நடுவில் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் அவர் கேப்பிட்டல் கூடத்தில் 'ஆஃப்டர் மிட்நைட்' என்ற இசைத்தட்டைப் பதிவு செய்தார். வயலின் கூட்டம் இல்லை. கிதாரில் ஜான் காலின்ஸ், பாஸில் சார்லி ஹாரிஸ், டிரம்ஸில் லெஸ்டர் யங்கின் தம்பி லீ யங். இவர்களோடு டிரம்பெட் வாசித்த ஹாரி எடிசன், சாக்ஸபோன் வாசித்த வில்லி ஸ்மித், டிராம்போன் வாசித்த ஹுவான் டிசோல், வயலினோடு ஸ்டஃப் ஸ்மித் ஆகியோர் ஆளுக்குச் சில பாடல்களில் விருந்தினராக வந்தார்கள். கோல் மறுபடியும் பியானோவின் முன் உட்கார்ந்தார். முதுகில் அடிபட்ட அதே ஆண்டில், பெரும் புகழும் பெரும் கண்டனமும் ஒன்றாக வந்து சேர்ந்த அதே ஆண்டில், அவர் போய் உட்கார்ந்த இடம் அதுதான்.

அதில் 'ஸ்வீட் லோரெய்ன்' மீண்டும் இருக்கிறது. 1940 டிசம்பர் பதிவை முதலில் கேளுங்கள். இருபத்தொரு வயதுப் பையன், பியானோவில் எவ்வளவு தெரியும் என்று காட்ட ஆசைப்படுகிறவன், பாட்டைச் சற்று வேகமாகவே சொல்லி முடிக்கிறான். பிறகு 1956 பதிவைக் கேளுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதையும், அந்த நேரத்தில் எடிசனின் டிரம்பெட் வந்து என்ன சொல்லிவிட்டுப் போகிறது என்பதையும், அதற்கு இடது கை எப்படித் தலையாட்டுகிறது என்பதையும் கவனியுங்கள். கேட்டுவிட்டு, அவர் பியானோவை விட்டாரா இல்லையா என்று உங்கள் கருத்தை இங்கே எழுதுங்கள்.

தாளக்கட்டு எழுதியது:

நேற்றிரவு இரண்டையும் மும்முறை கேட்டேன், ஐயா. 1956இல் அவர் பாடும்போது விரல்கள் ஏறக்குறைய ஓய்ந்தே இருக்கின்றன. ஆனால் அடுத்த வரி எங்கே விழ வேண்டும் என்பதை முடிவு செய்வது அந்த விரல்கள்தான். முதல் பதிவில் பாட்டும் பியானோவும் மாறி மாறி வருகின்றன. இரண்டாவதில் அவற்றைப் பிரித்துக் கேட்க என்னால் முடியவில்லை. என் தரப்பை நான் மாற்றிக்கொள்கிறேன், ஆனால் ஒரு விதிவிலக்கோடு: இப்படி ஒரு தட்டை அவர் இன்னும் நான்கைந்து செய்திருக்கலாம் என்ற வருத்தம் மட்டும் என்னிடமே இருக்கட்டும்.